தெரபிக்குப் போகிற தெரபிஸ்ட்டிடம் போகலாமா, கூடாதா?

தாழ்வாரம்:
முந்தாநாள் வேறொரு இழையில் கூர்முனை எழுதினதைப் படிச்சதுல இருந்து மனசு ஆறலை. அவர் எழுதினதை அப்படியே தர்றேன்: "தன் மனசையே சரிபண்ணிக்கத் தெரியாம இன்னொரு தெரபிஸ்ட் முன்னாடி போய் உட்கார்றவர், என் மனசை என்ன சரிபண்ணிடுவார்? தெரிஞ்சா அன்னைக்கே நிறுத்திடுவேன்." அதுக்குக் கீழ பதினோரு பேர் கைதட்டல் வேற.

14 வருஷமா நானும் தெரபிஸ்ட்தான், பேச்சு வழியா மனசுக்குச் சிகிச்சை தர்ற தொழில்ல இருக்கேன். ரெண்டு தடவை தெரபிக்குப் போயிருக்கேன், இப்பவும் போய்க்கிட்டு இருக்கேன். மறைக்கிற உத்தேசம் இல்லை. கென்னத் போப், பார்பரா டபாக்னிக்னு ரெண்டு ஆய்வாளர்கள், அமெரிக்க உளவியலாளர்கள் 800 பேருக்குக் கேள்வித்தாள் அனுப்பி 1994-ல வெளியிட்ட ஆய்வு இருக்கு. பதில் சொன்னவங்கள்ல 84 சதவீதம் பேர் தெரபிக்குப் போனவங்க. அத்தனை பேரையும் ஒதுக்கிட்டு யார்கிட்ட போகப் போறீங்க?

கூர்முனை:
அதே ஆய்வை நானும் பார்த்தேன். 22 சதவீதம் பேர் தெரபி தங்களுக்குக் கெடுதல் பண்ணிச்சுன்னு சொல்லியிருக்காங்க. மேடம் 84-ஐ மட்டும் வெளிய எடுத்து வெச்சுட்டு 22-ஐ முந்தானையில முடிஞ்சுக்கிட்டாங்க.

மழைக்குருவி:
முந்தானை எதுக்கு இங்க வருது? ஆம்பளை எழுதியிருந்தா வேட்டி மடிப்புன்னு சொல்லியிருப்பீங்களா?

கூர்முனை:
சொல்லியிருப்பேன். 22-க்குப் பதில் சொல்லுங்க.

தாழ்வாரம்:
சொல்றேன். அதே ஆய்வுல, தெரபி உதவவே இல்லைன்னு சொன்னவங்க ரெண்டே ரெண்டு பேர். உதவியும் பண்ணியிருக்கு, எங்கேயோ காயமும் பட்டிருக்கு, ஒரே ஆளுக்கு. உங்களுக்கு அது முரண்பாடாத் தெரியுது. எனக்குத் தெரியலை.

நான் ஏன் போனேன்னும் சொல்லிடறேன். என்கிட்ட வந்துக்கிட்டிருந்த ஒருத்தர் தன் அப்பாவைப் பத்தி ஆரம்பிக்கும்போதெல்லாம் நான் பேச்சை வேலைக்கோ தூக்கத்துக்கோ திருப்பி விட்டிருக்கேன். எனக்கே தெரியாது. மேற்பார்வை பண்ற சீனியர் என் குறிப்புகளைப் படிச்சுட்டு, "நாலு வாரமா இதுல அப்பாவே இல்லையே, எங்க போனார்?"னு கேட்டார். என் அப்பா போய் அப்போ ஏழு மாசம். "இதுக்கு மேல இங்க வேண்டாம், இதுக்குன்னு ஒருத்தரைப் பாருங்க"ன்னு அவரே சொன்னார். மேற்பார்வை வேற, தெரபி வேற. முதலாவதுல வர்றவரைப் பத்திப் பேசுவோம், ரெண்டாவதுல என்னைப் பத்தி.

முதல் நாள் போய் உட்கார்ந்தேன். என் அறையில கடிகாரம் வர்றவங்க நாற்காலிக்குப் பின்னாடி சுவர்ல இருக்கும். என் கண்ணுக்கு மட்டும் படும். அங்க போனா கடிகாரம் என் முதுகுக்குப் பின்னாடி. மூணு தடவை கழுத்தைத் திருப்பிட்டேன். "நேரம் பார்க்கிறது இன்னைக்கு என் வேலை"ன்னாங்க என் தெரபிஸ்ட். அழுகை வந்துடுச்சு.

கூர்முனை:
அப்பா விஷயத்துக்கு என் அனுதாபம், உண்மையாவே. ஆனா கேட்டது 22.

ஓடத்துறை:
நான் பிரிட்டன்ல கவுன்சலிங் சைக்காலஜி படிக்கிறேன். 40 மணி நேரம் சொந்தத் தெரபி எங்களுக்குக் கட்டாயம், காசு நம்ம காசு. போகலைன்னா பட்டம் இல்லை. பட்டத்துக்காகப் போய் உட்கார்றவன் மனசைத் திறப்பானா? முதல் பத்து மணி நேரம் நான் நல்ல பிள்ளையா நடிச்சேன். அதனால கூர்முனை சொல்றதுல ஒரு பங்கு நியாயம் இருக்கு.

கூர்முனை:
பார்த்தீங்களா, உள்ள இருக்கிறவரே சொல்றார்.

ஓடத்துறை:
நான் கட்டாயத்தைத்தான் சொன்னேன். போகவே கூடாதுன்னு சொல்லலை. என் வாயில வார்த்தையைத் திணிக்காதீங்க.

பழம்பதிவர்:
கட்டாயம் ஒண்ணும் புதுசு இல்லை தம்பி. உளப்பகுப்பாய்வு, அதாவது மனசோட அடியில இருக்கிறதைப் பேச வெச்சு வெளிய எடுக்கிற முறை, அதுக்கு பெர்லின்ல 1920-ல ஒரு நிலையம் தொடங்கி, பயிற்சிக்கு வர்றவங்க முதல்ல தாங்களே பகுப்பாய்வுக்கு உட்காரணும்னு வெச்சாங்க. அந்த முறையைத் தொடங்கி வெச்ச ஃப்ராய்ட் 1937-ல எழுதினப்போ, தொழில்ல இருக்கிறவங்க அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா திரும்பப் போய்ப் பகுப்பாய்வுக்குப் படுக்கணும், அதுக்கு வெட்கப்படக் கூடாதுன்னே சொல்லிட்டார். இதையெல்லாம் படிக்காம தாழ்வாரம் அமெரிக்கக் கேள்வித்தாளைத் தூக்கிட்டு வந்தா 22-ல தான் மாட்டுவாங்க.

தாழ்வாரம்:
நான் படிக்கலைன்னு உங்களுக்கு யார் சொன்னது?

பழம்பதிவர்:
போன வருஷம் தூக்க மாத்திரை இழையில என்னை 'அரைகுறை'ன்னு எழுதினீங்களே, நினைவிருக்கா? எனக்கு இருக்கு.

தாழ்வாரம்:
மருந்து அளவைத் தப்பா எழுதினீங்க, சொன்னேன். இன்னைக்கும் அதையேதான் சொல்வேன். பழைய குப்பையைக் கிளறாதீங்க.

கூர்முனை:
ஃப்ராய்ட் யார்கிட்டப் போனார்? தன்னைத் தானே ஆராய்ஞ்சுக்கிட்டார். தெரிஞ்சவங்களுக்கு அது போதும்.

தாழ்வாரம்:
அந்த ஃப்ராய்டே 1897-ல நண்பர் ஃப்ளீஸுக்கு எழுதின கடிதத்துல, உண்மையான சுய ஆய்வு நடக்காத காரியம், நடக்கும்னா நோயே இருக்காதுன்னு எழுதிட்டார். தன் முதுகு தனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

கார்ல் ராஜர்ஸை எடுத்துக்கோங்க, வர்றவரையே மையமா வெச்சுப் பண்ற தெரபியை உருவாக்கின அமெரிக்க உளவியலாளர். சிகாகோவுல இருந்தப்போ, 1950-ஐ ஒட்டி, கடுமையான பாதிப்புல இருந்த ஒருத்தரோட ரொம்ப நாள் வேலை பார்த்து, தானே நொறுங்கிப் போய் ரெண்டு மூணு மாசம் ஊரைவிட்டே கிளம்பிட்டார். திரும்பி வந்தும் சரியாகலை. தான் வளர்த்துவிட்ட சக ஊழியர் ஒருத்தர் உதவுறேன்னு முன்வந்தார், அவர்கிட்டதான் தெரபிக்கு உட்கார்ந்தார். அதுக்கப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல வேலை பார்த்தார். அவர்கிட்டயும் போகமாட்டீங்களா?

ஓடத்துறை:
சக ஊழியர்கிட்டயா? இன்னைக்கு அப்படிப் பண்ணினா எங்க ஆசிரியர் பிச்சு எடுத்துடுவார். கூட வேலை பார்க்கிறவங்க, மேற்பார்வையாளர், பாடம் எடுக்கிறவங்க யாரும் தெரபிஸ்ட்டா இருக்கக் கூடாது. இது நல்ல உதாரணமே இல்லை.

தாழ்வாரம்:
உதாரணம் எதுக்குச் சொன்னேன்னு பாருங்க. அவர் போனார். அதைச் சொல்ல வந்தேன்.

பழம்பதிவர்:
மார்ஷா லினஹனை விட்டுட்டீங்க. டிபிடின்னு, கட்டுக்கு அடங்காத உணர்ச்சிகளைக் கையாளக் கத்துக்கொடுக்கிற சிகிச்சையை உருவாக்கின அமெரிக்க உளவியலாளர். 17 வயசுல எந்த மனநல மருத்துவமனையில உள்நோயாளியா இருந்தாரோ, அதே இடத்துல 2011-ல நின்னு ஊரறியச் சொன்னார்.

கூர்முனை:
அவர் தெரபிஸ்ட் ஆகுறதுக்கு முன்னாடி நடந்தது அது. கணக்குல வராது. அதோட, ஐம்பது வருஷம் ஏன் ஊருக்குச் சொல்லலை?

தாழ்வாரம்:
ஏன்னா உங்களை மாதிரி ஆளுங்க "அன்னைக்கே நிறுத்திடுவேன்"னு சொல்வீங்க, அதனால. இங்கயே இருக்கு பதில்.

மழைக்குருவி:
நான் தொழில்காரி இல்லை. ரெண்டு வருஷமா தெரபிக்குப் போற ஆள். என் தெரபிஸ்ட் ஒரு தடவை, பேச்சோட பேச்சா, தானும் ஒருத்தரைப் பார்க்கிறதா சொன்னாங்க. அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. நான் கொட்டினதைத் தாங்க முடியாமத்தான் போறாங்களோன்னு. அடுத்த வாரம் அதை அவங்ககிட்டயே கேட்டேன். "நீங்க கொட்டினது உங்களோடது, நான் அங்க கொண்டு போறது என்னோடது"ன்னாங்க. அதுக்கப்புறம்தான் நான் எதையும் வடிகட்டாம பேச ஆரம்பிச்சேன். என்னைக் கேட்டா, போகாதவங்களைப் பார்த்தாதான் எனக்குப் பயம்.

கூர்முனை:
உங்க அனுபவம் உங்களுக்கு. 22 சதவீதம் பேரோட அனுபவம்? அதோட, அதே ஆய்வுல 20 சதவீதம் பேர் முக்கியமான விஷயத்தைத் தெரபிஸ்ட்கிட்டயே மறைச்சிருக்காங்க, 10 சதவீதம் பேர் தங்க ரகசியம் காக்கப்படலைன்னு சொல்லியிருக்காங்க. இவங்களே ஒருத்தரை ஒருத்தர் நம்பலை.

ஓடத்துறை:
'கெடுதல்'னா அந்த ஆய்வுல என்ன அர்த்தத்துல கேட்டாங்க? அதை முதல்ல பேசலாமே.

கூர்முனை:
கெடுதல்னா கெடுதல். அதுக்கு அகராதி எதுக்கு?

தாழ்வாரம்:
அந்த 10 சதவீதத்தைச் சும்மா எடுத்து வீசாதீங்க. அது எங்க பயம். இந்தத் தொழில் சின்ன வட்டம். இன்னைக்கு நான் அழுற அறையில இருக்கிறவரை நாளைக்கு ஒரு கருத்தரங்குல பக்கத்து இருக்கையில பார்ப்பேன். யாரைத் தேர்ந்தெடுக்கிறதுன்னே எனக்கு அஞ்சு மாசம் ஆச்சு. போனப்புறமும் ரெண்டு மாசம், அவங்க சொல்ற ஒவ்வொண்ணுக்கும் மனசுக்குள்ள 'இது இந்த உத்தி, அது அந்த உத்தி'ன்னு பேர் வெச்சுக்கிட்டே இருந்தேன். ஒருநாள் அவங்க நிறுத்தி, "இப்போ பேசினது நீங்களா, நீங்க படிச்சதா?"ன்னு கேட்டாங்க. பதினஞ்சு நிமிஷம் எனக்குப் பேச்சே வரலை. 14 வருஷத்துல நான் யார்கிட்டயும் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டதில்லை. இப்போ கேட்கிறேன்.

பழம்பதிவர்:
திரும்பத் திரும்ப சொந்தக் கதை. இழை உங்க நாட்குறிப்பு ஆயிடுச்சு.

தாழ்வாரம்:
நான் தொடங்கின இழை. பிடிக்கலைன்னா தாண்டிப் போங்க.

பழம்பதிவர்:
இதையேதான் தூக்க மாத்திரை இழையிலயும் சொன்னீங்க.

மழைக்குருவி:
கூர்முனை, ஒரே ஒரு கேள்வி. உங்க தெரபிஸ்ட் போறாரா இல்லையான்னு உங்களுக்குத் தெரியுமா?

கூர்முனை:
கேட்டதில்லை. கேட்கவும் மாட்டேன். 22-க்கு இன்னும் யாரும் பதில் சொல்லலை.

தாழ்வாரம்:
முதல்லயே சொல்லிட்டேன். மேல போய்ப் படிங்க. எனக்கு நாலு மணிக்கு ஆள் வர்றாங்க, மிச்சத்தை ராத்திரி எழுதுறேன்.

கூர்முனை:
எழுதுங்க. 22-ல இருந்து ஆரம்பிங்க.