ஆர்.வி. பயணத்துக்குக் கிரில் வாங்கும் முன் எரிவாயு வரும் வழியைப் பாருங்கள்

அமெரிக்காவுக்கு வந்து ஓராண்டுகூட ஆகாத குடும்பங்கள் ஆர்.வி. (உள்ளேயே தங்கிச் சமைக்கும் வசதியுள்ள பயண வண்டி) ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு தேசியப் பூங்காவுக்குக் கிளம்பும்போது, எந்தக் கிரில் வாங்கலாம் என்று என்னிடம் கேட்பதுண்டு. பர்னர் எத்தனை, விலை எவ்வளவு, மடித்து வைக்க முடியுமா என்று கேட்கிறார்களே தவிர, அந்தக் கிரிலுக்கு எரிவாயு எங்கிருந்து வரப்போகிறது என்று யாரும் கேட்பதில்லை. என் அனுபவத்தில் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அதற்கு விடை கிடைத்துவிட்டால் கடையில் அடுக்கி வைத்திருக்கும் கிரில்களில் பாதி தாமாகவே கழிந்துவிடும்.

எங்கள் முதல் பயணத்தில் இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பழைய டிரெய்லர் ஒன்றை வாங்கியிருந்தோம். அதன் பக்கவாட்டில், சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால், ரப்பர் மூடி போட்ட சிறிய பித்தளை வாய் ஒன்று இருந்தது. வெளியே வைத்துச் சமைக்கும் அடுப்புக்கு வண்டியின் தொட்டியிலிருந்தே புரொப்பேன் எரிவாயுவை எடுத்துக்கொள்வதற்கான குவிக் கனெக்ட் அது. புதிதாக வாங்கிய கிரிலை அதற்குரிய குழாயால் இணைத்துப் பற்றவைத்தேன். தீ எரிந்தது, ஆனால் விரல் நகத்தளவுதான் எழும்பியது. மூடியைப் போட்டு நாற்பது நிமிடம் காத்திருந்தும் கோழித்தொடையின் தோல் வெளுப்பு மாறவில்லை. வெப்பமானியைக் குத்திப் பார்த்தபோது 120 டிகிரி பாரன்ஹீட் காட்டியது. பிள்ளைகள் பசியோடு மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். கடைசியில் என் மனைவி எல்லாவற்றையும் உள்ளே எடுத்துப்போய் அடுப்பில் வேகவைத்து முடித்தார். பக்கத்து இடத்தில் தங்கியிருந்த முதியவர் ஒருவர் வந்து குழாயைக் கையால் தடவிக்கொண்டே போய், கிரிலின் வாயருகே திருகியிருந்த வட்டமான ரெகுலேட்டரைத் தொட்டுக்காட்டி, இது உங்கள் வண்டியிலும் ஒன்று இருக்கிறதே என்றார்.

அவர் சொன்னதன் பொருள் இதுதான். சிலிண்டருக்குள் புரொப்பேனின் அழுத்தம் வெப்பநிலைக்கேற்ப ஏறி இறங்கும். 70 டிகிரி பாரன்ஹீட்டில் அது 100 பி.எஸ்.ஐ.-க்கும் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அளவு) மேல் இருக்கும். ஆர்.வி.யின் தொட்டிக்கு அருகிலேயே உள்ள ரெகுலேட்டர் அதை 11 அங்குல உயர நீர் தரும் அழுத்தத்துக்கு, அதாவது ஏறக்குறைய 0.4 பி.எஸ்.ஐ.-க்குக் குறைத்த பிறகுதான் எரிவாயு வண்டியின் குழாய்களுக்குள் வருகிறது. கையடக்கக் கிரில்களில் பெரும்பாலானவை 1 பவுண்டு சிலிண்டரில் நேரடியாக மாட்டுவதற்காகச் செய்யப்பட்டவை. அவற்றுக்கென்று தனி ரெகுலேட்டர் உண்டு. ஏற்கெனவே குறைந்துவிட்ட அழுத்தம் அந்த இரண்டாவது ரெகுலேட்டருக்குள் நுழையும்போது இன்னும் சுருங்கிப்போவதால் சுடர் எழும்புவதே இல்லை. கிரில் பழுது என்று நினைத்துப் பலர் கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். உண்மையில் கிரிலில் ஒரு குறையும் இருக்காது.

ஆகவே சொந்தமாக ஆர்.வி. வைத்திருப்பவர்கள், குறைந்த அழுத்த இணைப்பில் ஓடும் என்று தயாரிப்பாளரே எழுதியிருக்கும் கிரிலையோ, அந்த மாடலுக்கென்று மாற்று இணைப்பு விற்கப்படும் கிரிலையோ வாங்குவது நல்லது. மாற்று இணைப்பு என்பது கிரிலின் ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பொருத்துவது. இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. அப்படி ரெகுலேட்டர் கழற்றிய கிரிலை ஒருபோதும் சிலிண்டரில் நேராக மாட்டக்கூடாது. முழு அழுத்தமும் பர்னருக்குள் பாய்ந்து தீ வெடித்தெழும். கழற்றிய பிறகு, "வண்டி இணைப்புக்கு மட்டும்" என்று பெரிதாக எழுதி கிரிலின் மூடியிலேயே ஒட்டிவிடுங்கள். நீங்கள் தூங்கும்போது உறவினர் ஒருவர் உதவி செய்யும் நல்லெண்ணத்தில் சிலிண்டரை மாட்டிவிடக்கூடும்.

வாடகை வண்டி எடுப்பவர்களுக்கு என் ஆலோசனை வேறு. வாடகை வண்டியில் வெளி இணைப்பு இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். இருந்தாலும் அது உங்கள் குழாய்க்குப் பொருந்தும் என்று நம்பாதீர்கள். 1 பவுண்டு சிலிண்டரில் ஓடும் கிரிலே அவர்களுக்குச் சரி. ஒரு பவுண்டு புரொப்பேனில் ஏறக்குறைய 21,600 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம் இருக்கிறது. மணிக்கு 10,000 பி.டி.யு. எரிக்கும் கிரில் முழுத் தீயில் வைத்தால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் தாங்கும். மூன்று இரவுப் பயணத்துக்கு ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம் என்று வைத்தால் இரண்டு சிலிண்டர் போதும், மூன்றாவது கையிருப்புக்கு. அந்தப் பச்சை நிறச் சிறிய சிலிண்டர்களை மறுபடி நிரப்பாதீர்கள். நிரப்பிய சிலிண்டரை வணிக நோக்கில் எடுத்துச் செல்வது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம் என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். கலிபோர்னியாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 2028 ஜனவரி 1 முதல் இந்த ஒருமுறைப் பயன்பாட்டுச் சிலிண்டர்களை அங்கே விற்கக்கூடாது என்று சட்டம் வந்திருக்கிறது. மறுநிரப்புக்கென்றே செய்யப்பட்ட 1 பவுண்டு சிலிண்டர்கள் தனியாகக் கிடைக்கின்றன. அடிக்கடி போகிறவர்கள் இப்போதே அவற்றுக்கு மாறிவிடலாம்.

20 பவுண்டு சிலிண்டரைக் குழாய் வழியாக இணைப்பவர்கள் அதன் வால்வை மிக மெதுவாகத் திறக்க வேண்டும். சடாரென்று திறந்தால், எங்கோ கசிகிறது என்று கருதி அதன் பாதுகாப்பு அமைப்பு எரிவாயுவின் ஓட்டத்தை மட்டுப்படுத்திவிடும்; அப்போதும் மேலே சொன்னதுபோலவே நகத்தளவு தீதான் வரும். கிரிலின் திருகுகளையும் சிலிண்டர் வால்வையும் மூடி, இணைப்பைக் கழற்றி மாட்டி, நிதானமாக மறுபடி திறந்தால் சரியாகிவிடும். ஒவ்வொரு முறை இணைத்த பிறகும் சோப்புத் தண்ணீரை மூட்டுகளில் தடவி, குமிழி வருகிறதா என்று பாருங்கள். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது என்பதால் கசிந்தால் மேலே போகாமல் தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும்.

கரி கிரிலின் மணத்துக்கு நிகரில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஆர்.வி. பயணத்துக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மேற்கு மாநிலங்களில் கோடையில் தீத்தடை அறிவிக்கப்படும்போது விறகும் கரியும்தான் பொதுவாக முதலில் தடைபடுகின்றன. திருகினால் உடனே அணையும் வால்வு உள்ள எரிவாயு அடுப்புகளைப் பெரும்பாலும் விட்டுவைக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு முன்பே முன்பதிவு செய்து போய்ச் சேர்ந்த இடத்தில் கரி மூட்டையோடு நிற்பது வேதனையானது. சாம்பல் முழுதும் ஆற இரண்டு நாள்கூட ஆகலாம் என்பதால் மறுநாள் காலையில் வண்டியைக் கிளப்புகிறவர்களுக்கு அதை எங்கே கொட்டுவது என்ற சிக்கலும் சேர்ந்துகொள்ளும். கலிபோர்னியாவில், அமைக்கப்பட்ட முகாம்களுக்கு வெளியே கூட்டாட்சி நிலத்தில் தங்குவதானால் எரிவாயு அடுப்புக்கும் அனுமதிச்சீட்டு வேண்டும். அது இலவசம், இணையத்திலேயே பெறலாம்.

மின்சாரக் கிரிலைப் பற்றிக் கேட்பவர்கள் முதலில் ஆம்ப் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 30 ஆம்ப் இணைப்பில் 120 வோல்ட்டில் மொத்தம் 3,600 வாட்தான் கிடைக்கும். 1,500 வாட் கிரில் அதில் 12.5 ஆம்பை எடுத்துக்கொள்ளும். குளிர்சாதனம் ஓடும்போது அதற்கும் அதே அளவு போகும். அந்த நேரத்தில் யாராவது மைக்ரோவேவைத் தட்டினால் பிரேக்கர் டிரிப் ஆகிவிடும். மின் இணைப்பே இல்லாத முகாம்களில் ஜெனரேட்டரைத்தான் நம்ப வேண்டும், அதற்கும் குறிப்பிட்ட நேரம் மட்டுமே அனுமதி. ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த 230 வோல்ட் கிரில் இருக்கிறதே என்று நினைப்பவர்களுக்கு: வெப்பச்சுருளுக்கு மின்னழுத்தம் பாதியானால் வெப்பம் கால்பங்கு ஆகிவிடும். 2,000 வாட் கிரில் இங்கே 550 வாட்கூடத் தராது. அதேபோல் வேறு நாட்டு எரிவாயு அடுப்பின் துளைகள் வேறு அழுத்தத்துக்கும் வேறு வாயுக் கலவைக்கும் அளந்து செய்யப்பட்டவை. அதைக் கொண்டுவந்து இங்கே இணைக்கவே வேண்டாம்.

பி.டி.யு. எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள் என்பதையும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். வெபர் கியூ 1200 கிரில் 189 சதுர அங்குலப் பரப்பில் 8,500 பி.டி.யு. தருகிறது, கோல்மன் ரோட்ட்ரிப் 285 கிரில் 285 சதுர அங்குலத்தில் 20,000 தருகிறது. சதுர அங்குலத்துக்குக் கணக்கிட்டால் முதலாவதில் 45, இரண்டாவதில் 70. எனவே இரண்டாவதுதான் சிறந்தது என்று ஆகிவிடாது. கனமான வார்ப்பு அலுமினிய உடலும் ஆழமான மூடியும் வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் முதலாவது குறைந்த எரிவாயுவிலேயே வேலையை முடிக்கும். இரண்டாவதில் மூன்று பர்னர்களைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கலாம் என்பதால் ஒரு பக்கம் இறைச்சியும் மறுபக்கம் சைவம் உண்பவர்களுக்கான சோளமும் காய்கறியும் கலக்காமல் வேகவைக்கலாம். உங்கள் குடும்பத்துக்கு எது தேவை என்பதை வைத்து முடிவெடுங்கள். மலைப்பகுதிக்குப் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: 1,000 அடி ஏறினால் பர்னரின் வெப்பம் சுமார் 4 சதவீதம் குறையும் என்பது தொழில்நுட்பர்கள் கைக்கொள்ளும் கணக்கு. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் ஏரிக்கரை 7,700 அடிக்கு மேலே இருக்கிறது. அங்கே உங்கள் கிரில் ஊரில் காட்டிய வேகத்தைக் காட்டாது. மாலைக் காற்றும் சேர்ந்துகொண்டால் மூடியில்லாத கிரில் எதற்கும் உதவாது. குளிர்காலத்திலும் போகும் எண்ணம் இருந்தால் பியூட்டேன் டப்பாவில் ஓடும் அடுப்பைத் தவிர்த்துவிடுங்கள். உறைநிலையை நெருங்கும்போது பியூட்டேன் ஆவியாக மறுத்துவிடும், புரொப்பேனோ மைனஸ் 42 டிகிரி செல்சியஸ் வரை ஆவியாகும்.

கிரிலின் அளவைப் பொறுத்தவரை, வாடைக்கு வந்துவிடும் கரடிகள்தாம் இறுதித் தீர்ப்பு சொல்கின்றன. யெல்லோஸ்டோனில் பயன்பாட்டில் இல்லாத கிரிலை இரவிலோ பகலிலோ வெளியே விட்டுவைக்கக் கூடாது. கழுவியிருந்தாலும் சரி, வண்டிக்குள்ளோ முகாமில் உள்ள இரும்புப் பெட்டிக்குள்ளோ போய்விட வேண்டும். எனவே கால்களை மடித்த நிலையில் கிரிலின் நீள அகல உயரத்தை அளந்து, வண்டியின் அடிப்பகுதி அறைக் கதவின் திறப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். அறை பெரிதாக இருக்கும், கதவு சிறிதாக இருக்கும். கொழுப்பு வடியும் கிண்ணம் எளிதாகக் கழன்று வருகிறதா என்பதையும் கடையிலேயே கையால் இழுத்துப் பாருங்கள்; சாய்த்துத் தூக்கும்போது மிச்சக் கொழுப்பு அறைக்குள் கொட்டினால் அந்த வாடை வாரக்கணக்கில் போகாது. அந்தக் கொழுப்பைச் சமையல் தொட்டியில் ஊற்றாதீர்கள், வண்டியின் கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொள்ளும். காகிதத்தில் துடைத்துக் கரடி திறக்க முடியாத குப்பைத்தொட்டியில் போடுங்கள்.

மழை வந்தாலும் கிரிலை வண்டிக்குள் கொண்டுபோகவோ, பக்கவாட்டில் விரியும் துணிப்பந்தலின் கீழே வைக்கவோ வேண்டாம். உள்ளே கார்பன் மோனாக்சைடு நிறத்தையோ மணத்தையோ காட்டாமல் உயிரைப் பறிக்கும்; பந்தல் நொடியில் பற்றும். வண்டியின் சுவரில் கிரிலைத் தொங்கவிடும் சட்டங்கள் கிடைக்கின்றன, ஆனால் வெப்பத்தில் சுவரின் வெளிப்பூச்சு உப்பி உரிந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன். வாடகை வண்டியானால் அதற்கான பணம் உங்கள் முன்வைப்புத் தொகையிலிருந்துதான் போகும். தனிக்கால் உள்ள கிரிலும் சற்று நீளமான குழாயும் இருந்தால் இந்தக் கவலையே இல்லை.

கிரிலோடு சேர்த்து நல்ல குத்து வெப்பமானி ஒன்றையும் வாங்கிவிடுங்கள். கோழிக்கு உள்ளே 165 டிகிரி பாரன்ஹீட், கொத்துக்கறிக்கு 160, மீனுக்கு 145 என்பது அமெரிக்க வேளாண்துறை சொல்லும் அளவு.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே எல்லாவற்றையும் இணைத்து ஒரு வேளை சமைத்துப் பாருங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் இதற்குப் பால்கனியைப் பயன்படுத்த வேண்டாம். மரத்தால் ஆன பால்கனியில் கரி கிரிலையும் பெரிய சிலிண்டரையும் பல நகரங்களின் தீயணைப்பு விதிகள் தடுக்கின்றன. சிறிய சிலிண்டருக்கு விதி இடம் கொடுத்தாலும் வாடகை ஒப்பந்தம் இடம் கொடுக்காமல் இருக்கலாம். கிரில் அனுமதிக்கும் உள்ளூர்ப் பூங்கா ஒன்றுக்கு எடுத்துப் போங்கள். வாடகை வண்டி கைக்கு வரும் நாளிலும் அந்த நிறுவனத்தின் வாசலைத் தாண்டும் முன்பே, பக்கவாட்டு மூடியைத் திறந்து, வெளி இணைப்பு இருக்கிறதா, இருந்தால் உங்கள் குழாயின் முனை அதில் சொடுக்கென்று அமர்கிறதா என்று ஒருமுறை பொருத்திப் பாருங்கள்.