ஷட்டரில் இரண்டாவது பூட்டு: ஏரியா ‘அண்ணன்’ உருவாவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மூணாவது கடை:

மாமூல்னா என்னன்னு இங்க யாருக்கும் விளக்க வேண்டியதில்ல. நேரா விஷயத்துக்கு வரேன். வடசென்னைல ஒரு துணிக்கடைத் தெரு, முப்பது கடைக்குள்ளதான். காலைல ஒன்பதரைக்கு ரெடிமேட் கடைக்காரர் சாவியோட குனியறாரு. அவர் பூட்டுக்குப் பக்கத்துல இன்னொரு பூட்டு தொங்குது. புதுசு, பெருசு, விலை ஸ்டிக்கர்கூட உரிக்கல.

மிரட்டல் போன் இல்ல, சீட்டு இல்ல, பக்கத்துல ஒரு ஆளும் நிக்கல. தெரு முனை சாவி ரிப்பேர்காரரைக் கூப்பிட்டாங்க, பத்து நிமிஷ வேலை. அவர் பூட்டைத் தொடவே இல்ல. ஸ்டிக்கரைப் பார்த்தாரு, எதிர்க்கடை அண்ணாச்சி மூஞ்சியைப் பார்த்தாரு. “இந்த சைஸுக்கு என்கிட்ட பிளேடு இல்ல சார்”னு பையை மூடினாரு. மூடின பைல இருந்து ஹாக்ஸா பிளேடு வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு. இன்னிக்கும் மனசுல உறுத்துறது அந்த பிளேடுதான்.

சாயங்காலம் நாலு மணிக்கு மீசை முளைக்காத ஒரு பையன் வந்து சாவியை நீட்டினான். “யாரோ தெரியாம பூட்டிட்டாங்களாம், அண்ணன் குடுத்துட்டு வரச் சொன்னாரு.” பணம் கேக்கல. ஆடி மாசம் கூழ் வசூல் ரசீது புக் வந்தப்போ, வழக்கமா 200 எழுதுற கடையெல்லாம் 2000 எழுதிச்சு. ரெடிமேட் கடை 5000.

கவனிச்சா ஒண்ணு புரியும். தெருவுலயே பெரிய கடையை அவன் தொடல, அவங்களுக்கு மேல ஆள் இருக்கு. சின்னக் கடையையும் தொடல, அதுல பேர் வராது. பார்க்கிங் தகராறுல பக்கத்துக் கடைங்களோட பேச்சுவார்த்தை இல்லாத நடுத்தரக் கடையா பார்த்துப் பூட்டினான். யாரும் கூட நிக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சு எடுத்த ஸ்கெட்ச்.

கறார்:

இதுல என்ன பெரிய ஸ்கெட்ச்? அண்ணாச்சிக் கடைல ஒரு கடப்பாரை வாங்கி உடைச்சிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். பயப்படுறவன் இருக்கிற வரைக்கும் அண்ணனுங்க இருப்பாங்க.

பழைய ரைட்டர்:

கறார், கடப்பாரை எடுக்கிறதுக்கு முன்னாடி கேஸ் எப்படிப் போகும்னு பாருங்க. பூட்டு போட்டதுக்கு, ஐபிசிக்குப் பதிலா வந்த நியாய சன்ஹிதால பிரிவு 126, தவறாகத் தடுத்தல். அதிகபட்சம் ஒரு மாசம், இல்லன்னா 5000 ரூபாய் அபராதம், இல்லன்னா ரெண்டும். மிரட்டிப் பணம் பறிக்கிறதுக்குப் பிரிவு 308, ஏழு வருஷம் வரைக்கும் போகும். ஆனா அதுக்குப் பணம் கேட்டிருக்கணும், அவன்தான் கேக்கவே இல்லயே. சட்டம் படிக்காதவன்தான். எதுக்கு எவ்வளவு உள்ள இருக்கணும்னு மட்டும் விரல் நுனில வச்சிருப்பான்.

நான் சொல்ல வந்த காட்சி வேற. ஒரு டிபன் கடை அம்மா ஸ்டேஷனுக்கு மனு கொடுக்க வந்தாங்க. எல்லாம் சொல்லி முடிச்சாங்க. “எதிரி பேர் என்னம்மா?”ன்னு கேட்ட நேரத்துல ஸ்டேஷனுக்கு டீ வந்துச்சு. கொண்டு வந்த பையனைப் பார்த்ததும், “எழுதினதைக் குடுங்க சார், வீட்டுல கேட்டுட்டு வரேன்”னு மனுவை வாங்கி நாலா மடிச்சுக்கிட்டாங்க. டீக்கடை அண்ணனோடது. ஸ்டேஷன்ல அன்னிக்கு யாரும் அவனுக்கு உடந்தை இல்ல, டீதான் குடிச்சாங்க. அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

இதுக்குத்தான் சொல்றது, மனுவை வீட்டுலயே எழுதிடணும். ரெண்டு பிரதி. தேதி, நேரம், இடம், வாயால சொன்ன வார்த்தை அப்படியே, கெட்ட வார்த்தையா இருந்தாலும். “மிரட்டினார்”னு மொட்டையா எழுதினா நிக்காது. சிஎஸ்ஆர், அதாவது மனுவை வாங்கிக்கிட்டதுக்கான ரசீது எண் வாங்காம எழுந்திருக்கக் கூடாது. வழக்குப் பதிய மறுத்தா, சிஆர்பிசிக்குப் பதிலா வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173(4) படி பதிவுத் தபால்ல போலீஸ் துணை ஆணையருக்கு. அதுக்கும் பதில் இல்லன்னா 175(3)-ல மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் பிரமாணப் பத்திரத்தோட. கேமரா பதிவை அன்னிக்கே பென் டிரைவ்ல எடுங்க, நிறைய கடைகள்ல பதினஞ்சு நாள், ஒரு மாசத்துல பழசு மேல புதுசு ஏறிடும். கோர்ட்ல காட்டணும்னா புது சாட்சிய சட்டம் (சாக்ஷ்ய அதினியம்) 63-ன்படி சான்றிதழும் வேணும்.

தண்டல் நோட்டு:

எல்லாரும் பூட்டையே பேசுறீங்க. பயத்தை விதைக்கிறது கத்தியோ பூட்டோ இல்ல, கடன்தான்னு ஓரக்கடை வியாபாரிங்களைக் கேட்டா சொல்வாங்க. முதல் வருஷம் ‘அண்ணன்’ ரொம்ப நல்லவர். ஆஸ்பத்திரிச் செலவுன்னா நடுராத்திரி பணம் வரும், ஜாமீன் கேக்க மாட்டாரு.

கணக்கு இதுதான். 10,000 தண்டல்னா கைக்கு வர்றது 8,500. தினம் 100 வீதம் 100 நாள். பார்க்க 15 சதவீதம் மாதிரி இருக்கும். ஆனா முதல் நாள்ல இருந்தே அசல் குறைஞ்சுக்கிட்டே வருது இல்லையா, அதையும் சேர்த்துப் போட்டா ஆண்டு வட்டி 120 சதவீதத்தைத் தொடும். இது ஒழுங்கா கட்டினவங்களுக்கு. மழை பேஞ்சு நாலு நாள் தவறினா நோட்டுல ‘மீட்டர்’ ஓட ஆரம்பிக்கும், அதுக்குக் கணக்கே அவன் வாய்தான். பழைய பாக்கியைப் பிடிச்சுக்கிட்டுப் புதுத் தண்டல் போடுவான். 20,000-னு எழுதுவான், கைல 6,000 வரும்.

மறக்க முடியாதது ஒரு பழ வண்டிக்காரர். அடிக்கல, திட்டல. ரெண்டு பசங்க வந்து வண்டியோட ஒரே ஒரு சக்கரத்தைக் கழட்டி, ஆணியைப் பத்திரமா அவர் கைலயே குடுத்துட்டுப் போனாங்க. மாம்பழ சீசன். வண்டி சாஞ்ச மேனிக்கு மூணு நாள் பிளாட்பாரத்துல நின்னுச்சு. அந்த ரோட்டுல போன ஒவ்வொரு வியாபாரியும் அதைப் பார்த்துட்டுத்தான் போனாங்க. அந்த வாரம் யாரோட தண்டலும் தவறல.

நியாயமா பேசுவோம்:

தண்டல் நோட்டு சொன்னதுக்கு ஒரு சட்டமே இருக்கு, யாரும் கேக்கலன்னாலும் சொல்லிடறேன். தமிழ்நாடு அதீத வட்டி வசூலித்தல் தடைச் சட்டம், 2003. தண்டல், கந்து வட்டி, மீட்டர் வட்டி, தின வட்டி, மணி வட்டி எல்லாத்துக்கும் அதுல விளக்கம் இருக்கு. பிரிவு 4: மூணு வருஷம் வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். சக்கரத்தைக் கழட்டின மாதிரி சொத்தைப் பிடுங்கினா, கடன் வாங்கினவரே கோர்ட்ல நியாயமான வட்டியோட பணத்தைக் கட்டிட்டுப் பொருளைத் திரும்பக் கேக்கலாம். கடன் வாங்கினவர் தற்கொலை பண்ணிக்கிட்டு, அதுக்குக் கொஞ்சம் முன்னாடி தொல்லை கொடுத்தது நிரூபணம் ஆனா, தூண்டினதாவே கோர்ட் அனுமானிக்கும்.

பெரிய ஓட்டை வெத்து செக். கையெழுத்து போட்ட வெத்து செக்குல அவன் எந்தத் தொகையை நிரப்பினாலும், கடனுக்குக் கொடுத்ததுதான்னு சட்டம் முதல்ல நம்பும். இல்லன்னு காட்ட வேண்டியது நீங்க. பேங்க்ல ஸ்டாப் பேமென்ட் போட்டாலும் பிரிவு 138, அதாவது செக் பவுன்ஸ் கேஸ் வரும். அதனால செக் கொடுத்த அன்னிக்கே அதோட எண்ணைக் குறிச்சு வைங்க. அடைச்சு முடிச்சதும் செக்கைக் கேட்டு ஒரு பதிவுத் தபால் போடுங்க, திரும்பி வந்தாலும் கவரைப் பிரிக்காம வைங்க. செக் திரும்பி நோட்டீஸ் வந்தா பணம் கட்ட 15 நாள்தான். பதில் போடாம இருக்கிறதுதான் நிறைய பேரைக் கவுத்தது. தினம் கொடுக்கிற நூறை ஜிபேல அனுப்புங்க, அவன் பேர்ல இல்லன்னா வாங்க வர்ற பையன் பேர்ல.

தண்டல் நோட்டு:

ஜிபே வாங்குற தண்டல்காரனை எந்த ஊர்ல பார்த்தீங்க?

நியாயமா பேசுவோம்:

அப்போ தினமும் குரல் குறிப்பு அனுப்புங்க, “அண்ணே நூறு குடுத்துட்டேன்”னு. பதில் வராட்டியும் தேதி பதிவாகும். தெருவோர வியாபாரிகள் சட்டம் 2014-ன்படி மாநகராட்சிச் சான்றிதழ் வாங்கி வண்டில மாட்டுங்க. பிரிவு 27: சான்றிதழ்படி வியாபாரம் பண்றவரை எந்த ஆளும், போலீசும்கூட, தடுக்கக் கூடாது.

சென்ட்ரிங் பலகை:

கட்டட சைட்டுக்கு வாங்க. புறநகர்ல பூமி பூஜை போட்ட அன்னிக்கே ரெண்டு பேர் பைக்ல வருவாங்க. மிரட்ட மாட்டாங்க, கொட்டேஷன் கொடுப்பாங்க: “எம்-சாண்ட், ஜல்லி, செங்கல் நம்மகிட்டதான்.” வெளி லாரி வந்தா தெரு முனைல ஒரு ஆட்டோ குறுக்க நிக்கும், டிரைவர் இருக்க மாட்டாரு. கான்கிரீட் போடுற அன்னிக்கு ஒரு மணி நேரம் நின்னா என்ன நஷ்டம்னு அவங்களுக்கு மேஸ்திரியை விட நல்லா தெரியும்.

பணம் போறது விலைல மட்டும் இல்ல, அளவுல. ஒரு யூனிட் 100 கன அடி. லாரி பாடி 14 அடிக்கு 7 அடி, உள்ள மணல் 3 அடி உயரம்னா 294 கன அடி, மூணு யூனிட்டுக்கும் கொஞ்சம் கம்மி. பில்லுல நாலு யூனிட். நாலு வரணும்னா 4 அடிக்கு மேல மணல் இருக்கணும். ஓரத்துல குவிச்சு நடுவுல பள்ளம் விட்டிருப்பாங்க, அதனால கம்பியை நாலு மூலைலயும் நடுவுலயும் குத்தி சராசரி எடுக்கணும். தண்ணி அடிச்ச மணல் பருமன் கூடிக் காட்டும், அதையும் கழிக்கணும். ஒரு சூப்பர்வைசர் கம்பியை எடுத்தாரு. வந்தவன் சிரிச்சுக்கிட்டே அவர் கைல இருந்து டேப்பை வாங்கி, அவரோட தோள்பட்டை அகலத்தை அளந்து, “பதினெட்டு இன்ச்”னு பக்கத்துல இருக்கிறவன்கிட்ட சொன்னான். அதோட அந்த சைட்ல யாரும் மணலை அளக்கல.

கறார்:

போலீஸ் குண்டாஸ் போட்டா ஒரே நாள்ல அடங்கிடுவானுங்க. போட மாட்டேங்குறாங்க.

பின்வரிசை:

குண்டாஸ் போடத்தான் செய்கிறார்கள், கறார். 1982-ஆம் ஆண்டின் 14-ஆவது சட்டம். நகரத்தில் ஆணையர் உத்தரவிடுவார். 5 நாட்களுக்குள் காரணங்களைத் தடுப்புக் காவல் கைதியிடம் கொடுக்க வேண்டும், 12 நாட்களுக்குள் அரசு ஒப்புதல், 3 வாரத்துக்குள் அறிவுரைக் குழுமம், அதிகபட்சம் 12 மாதம். இந்தக் கெடுவில் எங்கே சறுக்கினாலும், கைதியின் மனுவைப் பரிசீலிக்கத் தாமதமானாலும், கொடுத்த நகல் படிக்க முடியாமல் மங்கியிருந்தாலும் ஆட்கொணர்வு மனுவில் ரத்தாகிவிடும். வெளியே வருகிறவனுக்கு அது பட்டம். “குண்டாஸ் பார்த்தவன்” என்று பேனரில் போடாத குறை. இனித் தப்பு செய்ய மாட்டேன் என்று எழுதி வாங்கும் நன்னடத்தைப் பிணையாவது கைகொடுக்கும் என்றால், அதற்காகப் போலீஸ் துணை ஆணையர்களுக்கு நிர்வாக நடுவர் (மாஜிஸ்திரேட்) அதிகாரம் தந்த அரசாணைகளை உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் ரத்து செய்துவிட்டது.

உள்ளே போவதற்கும் ஆள் உண்டு. வெட்டியவன் ஒருவன், சரணடைபவன் வேறு ஒருவன். புழல் சிறையில் இருக்கும்வரை வீட்டுக்கு மாதப் பணம் போகும். அது ஒரு மாதம் தவறினால்தான் கும்பல் உடையும், போலீசால் உடைவதைவிட அப்படி உடைவதே அதிகம்.

நினைவில் நிற்பது ஒரு சாட்சி. அல்லிக்குளம் நீதிமன்றத்தில், கூண்டுக்கு அழைக்கப்படும் முன் தாழ்வாரத்தில் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் வந்து, இடம் விட்டு மரியாதையாகக் கேட்டான்: “அம்மாவுக்கு டயாலிசிஸ் செவ்வாய்க்கிழமைதானே அண்ணே? ஆட்டோ வேணும்னா சொல்லுங்க.” இதில் எந்த வார்த்தையைக் குற்றப் பிரிவில் அடைப்பது? ஐந்து நிமிடத்தில் அவர் கூண்டில் ஏறி, சம்பவ இடத்தில் தான் இல்லவே இல்லை என்றார். 2018 சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தில் விண்ணப்பித்திருக்கலாம். விசாரணை தொடங்குவதற்கு முன்பே மனு போடச் சொல்லி அவரிடம் ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

கெத்து காலி:

இப்பல்லாம் பூட்டு, சக்கரம் எதுவும் வேணாம், ரீல்ஸ் போதும். 2018 பிப்ரவரில மலையம்பாக்கத்துல பட்டாக்கத்தியால கேக் வெட்டினாங்களே, ஒரே ராத்திரில 70 பேருக்கு மேல பிடிச்சாங்க. அதைப் பார்த்துட்டும் நிறுத்தல. இப்பவும் கேக்கு, கத்தி, பிஜிஎம்.

பழைய ரைட்டர்:

ரீல்ஸ் போடுறவன் சீக்கிரம் மாட்டுவான், அவனைப் பத்திக் கவலை இல்ல. ரவுடிங்களோட ஹிஸ்டரி ஷீட்ல ஏ பிளஸ், ஏ, பி, சின்னு பிரிச்சு வச்சிருக்கிறதுல ‘சி’ல கூட வராம ரசீது புக்கோட சுத்துறவன்தான் கஷ்டம்.

மூணாவது கடை:

ரைட்டர் சார், தெருக் கடைக்காரங்க எல்லாரும் சேர்ந்து மனு கொடுக்கலாம்னா யார் முதல் கையெழுத்து போடுறதுன்னு நிக்குது. வட்டமா போட்டா செல்லுமா?

பழைய ரைட்டர்:

வட்டமா போட்டாலும் முதல் தகவல் அறிக்கைல புகார்தாரர்னு ஒரே பேர்தான் ஏறும், மத்தவங்க சாட்சி. சங்கத்து லெட்டர்பேடுல, செயலாளர்னு பதவியைப் போட்டுக் கொடுங்க. நாளைக்கு ஆள் மாறினாலும் அடுத்த செயலாளர் வந்து நிக்கலாம். கூட்டத் தீர்மானத்தோட நகலை இணைங்க, சங்கப் பதிவு எண் எழுதுங்க.

மூணாவது கடை:

செயலாளர் ராஜினாமா பண்ணிட்டாரு. அந்த இடத்துக்கு ஆள் வர மாட்டேங்குறாங்க.

பழைய ரைட்டர்:

பொருளாளர் கொடுக்கலாம். சங்க விதில (பைலா) அவருக்கு அதிகாரம் இருக்கான்னு முதல்ல பாருங்க, இல்லன்னா தீர்மானத்துல அதையும் ஒரு வரி சேர்த்துடுங்க.