புதுப்பிப்பு: ஐட்லிங்கில் மினுக்கிய ஆயில் லைட்

ஜீப் சூடானதும் ஐட்லிங்கில் (ஆக்சிலேட்டர் கொடுக்காமல் இன்ஜின் மெதுவாக ஓடும்போது) ஆயில் பிரஷர் குறைந்தால் எரியும் ஆயில் லைட் மினுக்குகிறது, ஆக்சிலேட்டர் கொடுத்தால் அணைகிறது என்று எழுதியிருந்தேன், பலரும் ஆயில் பம்ப் போச்சு என்றீர்கள். வண்ணார்பேட்டை மெக்கானிக் அண்ணாச்சி பம்பைத் தொடவே இல்லை; பிரஷர் ஸ்விட்சைக் கழற்றி அதே துளையில் மீட்டரை மாட்டி, இன்ஜினை நன்றாகச் சூடாக்கிப் பார்த்தார், பிரஷர் ஐட்லிங்கிலேயே 1 பாருக்கு மேல் நின்றது, அதாவது பம்ப் நன்றாகத்தான் இருக்கிறது. ஸ்விட்சின் வயர் முனைதான் ஆயில் கசிந்து பிசுபிசுவென்று கிடந்தது.

அந்த ஸ்விட்ச், பிரஷர் இல்லாதபோது வயரை பாடியோடு சேர்த்து லைட்டை எரியவிடும், ஏறியதும் பிரித்துவிடும், அதற்கு வேறு வேலை கிடையாது.

புதுசு மாட்டியாச்சு. அப்புறம் லைட்டோடு சேர்த்து ஒரு பஸ்ஸரும் வைத்தேன், அம்பாசமுத்திரம் ரோட்டு மத்தியான வெயிலில் அந்தச் சிவப்புப் பொட்டு எங்கே தெரிகிறது? சாவி திருப்பினதும் கத்தும், ஸ்டார்ட் ஆனதும் நிற்கும். வீட்டில் எல்லோருக்கும் எரிச்சல்தான், கழற்றப் போவதில்லை.