திருகோணமலையில் கணவாய்ப் பால் கொத்து: சாப்பிட்டவர்கள் பகிருங்கள்

வல்வை வாசி:
உப்புவெளியில், நிலாவெளி வீதியோரத்துச் சிறிய கடையொன்றில் கணவாய் என்னும் கடலுணவு சேர்த்த பால் கொத்துச் சாப்பிட்டு ஆறு மாதங்களாகியும், அன்றிரவு நான் செய்த ஒரு காரியம் மனத்தை விட்டுப் போகவில்லை. கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போய்த் திரும்பிய களைப்பும் பசியுமாக அடுப்புக்குப் பக்கத்திலேயே அமர்ந்திருந்தேன். வீச்சு ரொட்டி, லீக்ஸ், முட்டை, கணவாய் எல்லாவற்றையும் இரண்டு தகடுகளால் கொத்திக்கொண்டிருந்த தம்பி திடீரெனக் கையை நிறுத்தினார். வீதிமுனை வரை கேட்ட சத்தம் அடங்கிவிட்டது. நெருப்பைத் தணித்து, ஒரு குவளை பசும்பாலைச் சுற்றிவர ஊற்றி, சீஸைத் துருவிப் போட்டு, கொத்தாமல் மெல்லப் புரட்டி மட்டும் எடுத்தார். வெள்ளையாகத் தளர்ந்து கிடந்த அதைக் கண்டதும் காரமே இராது என்று நினைத்துக் கோழிக் குழம்பு கேட்டேன். "அண்ணன், முதல்ல ஒரு வாய் இப்படியே சாப்பிட்டுப் பாருங்க" என்றார். நான் கேட்கவில்லை; குழம்பை முழுவதுமாக ஊற்றிக்கொண்டேன். பிறகு பாலின் சுவையும் இல்லை, கணவாயின் சுவையும் இல்லை. என் தட்டை ஒரு கணம் பார்த்துவிட்டு அவர் பேசாமல் திரும்பிக்கொண்ட முகம்தான் இன்னும் கண்ணில் நிற்கிறது. இந்தப் புதுக் கலப்பு உணவை உள்ளபடி ருசித்தவர்கள் சொல்லுங்கள்.

வைகைக்கரை:
உங்கள் மீது தவறில்லை ஐயா. மதுரையில் கொத்துப் பரோட்டாவுக்குச் சால்னா இல்லையென்றால் நாங்களும் அப்படித்தான் கேட்டிருப்போம். திருகோணமலைக்கு வந்திருந்தபோது நான் சாப்பிட்ட பால் கொத்தில் கணவாய் ரப்பராக இருந்தது. அதைத் தவிர நினைவில் ஒன்றுமில்லை. ஆனால் ஊர் திரும்பி வீட்டில் பலமுறை செய்து பார்த்ததில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். கணவாயைக் கடும் தீயில் இரண்டு மூன்று நிமிடங்களுக்கு மேல் வைக்கக் கூடாது. தனியாக வதக்கி எடுத்துவைத்துக் கடைசியில் சேர்ப்பதே நல்லது. ரொட்டி ஆறியிருக்க வேண்டும். சூடாகக் கொத்தினால் பாலில் கூழாகிவிடும். பால் ஊற்றிய பின் எலுமிச்சை பிழிந்தால் திரிந்துவிடும். சீஸில் ஏற்கெனவே உப்பு இருப்பதால், அது உருகிய பிறகு ருசி பார்த்துத்தான் உப்புப் போட வேண்டும். காரத்துக்கு மிளகாய்த்தூளை விட இடித்த மிளகே பாலோடு ஒத்துப்போகிறது.

கிண்ணியாக் கரை:
வல்வைச் சகோதரர் இதைப் புதுக் கலப்பு என்று எழுதியதை ஏற்க முடியவில்லை. சீஸ் பின்னால் வந்தது உண்மைதான். ஆனால் கொத்து எங்கள் கிழக்கின் உணவு. கொத்துதல் என்ற தமிழ்ச் சொல்லே அதன் பெயர், சிங்கள மக்களும் அதே பெயரால்தான் அதை அழைக்கிறார்கள். ரொட்டியும் கறியும் முட்டையும் ஒரே தகட்டில் கலக்கும் உணவுக்குள் பால் வந்ததை மட்டும் அந்நியமாகப் பார்ப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

2009இல் பாலம் திறக்கும் வரை நாங்கள் படகுப்பாதையில்தான் கிண்ணியாவுக்குக் கடந்தோம். ஒருமுறை நகரத்திலிருந்து வாப்பா வாங்கிவந்த கொத்துப் பொதியைப் படகிலேயே பிரித்தார். ஆணம், அதாவது குழம்பு, தனிப்பையில் இருந்தது. நான் அதை எடுத்தபோது கையைப் பிடித்துத் தடுத்து, வெறும் கொத்தில் ஒரு கவளம் ஊட்டிவிட்டார். அதற்குப் பிறகுதான் பையைத் தந்தார். அந்தத் தம்பி உங்களிடம் கேட்டதும் அவ்வளவுதான். அடுத்த முறை போகும்போது, ஆணத்தைக் கோப்பையில் தனியாகத் தரும்படி முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வல்வை வாசி:
சித்திரை விடுமுறையில் மறுபடி வருகிறேன். அவரிடமே அப்படிக் கேட்பேன்.