அலுவலக மேசைக்கு எந்த விளக்கு? மெய்ப்புத் திருத்துபவரின் ஐயம்

கேள்வி:
வணக்கம். சிங்கப்பூரின் பாய லேபாரில் உள்ள ஓர் அலுவலகத்தில் தமிழ் மொழிபெயர்ப்புகளுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். எனக்கு வயது 52. கூரையில் எல்இடி விளக்குகள் வரிசையாக இருந்தும், குனிந்து படிக்கும்போது என் தலையின் நிழல் தாளின் மேலேயே விழுகிறது. புள்ளி விடுபட்ட மெய்யெழுத்துகளை மாலை நேரத்தில் இருமுறை கவனிக்கத் தவறிவிட்டேன். மேசையின் பாதியைக் கணினித் திரை பிடித்துக்கொண்டிருக்கிறது; நான் இடக்கையால் எழுதுபவள். எத்தனை வாட் விளக்கு வாங்கலாம்?

மறுமொழி 1:
அக்கா, வாட் என்பது விளக்கு உண்ணும் மின்சாரத்தின் அளவு மட்டுமே. தாளில் விழும் ஒளியை லக்ஸில் அளப்பார்கள். எழுத்து வேலைக்கு 500 லக்ஸ் என்பது அலுவலகங்களில் வழக்கமான அளவு. வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை மங்கி, பாவையும் சுருங்குவதால், பக்கத்து மேசை இளைஞருக்குப் போதும் ஒளி நமக்குப் போதாது. ஆயினும் விளக்கின் திறனைவிட அதன் இடமே முதன்மையானது. சிறிய விளக்கு ஒன்றின் தொலைவை இருமடங்காக்கினால், தாளில் ஒளி ஏறக்குறைய கால்பங்காகக் குறைந்துவிடும். ஆகவே வளைந்து நீளும் கை உள்ள விளக்கே நல்லது. இடக்கைக்காரரான நீங்கள் அதை வலப்புறம் வையுங்கள். கடையில் காட்சிக்கு வைத்திருப்பதைப் பார்த்து இடப்புறம் வைத்துவிட்டால் பேனாவின் நிழலே வரியை மறைக்கும். மூடியின் கீழ்விளிம்பு கண்மட்டத்திற்குக் கீழே இருந்தால் விளக்கு கண்ணைக் கூசச் செய்யாது, திரையிலும் பிரதிபலிப்பு குறையும்.

மறுமொழி 2:
மேலே கூறியவற்றை ஏற்கிறேன். நிறத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒளியின் நிறச்சாயலைக் கெல்வினில் குறிப்பார்கள்; எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். ஏறக்குறைய 4000 கெல்வின் உள்ள வெண்மை, பகல்நேர அலுவலக ஒளியோடு இயைந்து போகும். 2700 கெல்வின் மஞ்சள் ஒளி வீட்டு வரவேற்பறைக்கு இதமானது, ஆனால் வெள்ளைத் தாளே அதில் மஞ்சளாகத் தெரியும். சிவப்பு மையில் திருத்துபவர்கள் நிறக்காட்டு எண் (நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டுகிறது என்பதன் அளவு, CRI) 90 அல்லது அதற்கு மேல் உள்ளதைத் தேர்வது நல்லது. மலிவான சில எல்இடி விளக்குகள் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. கண் அதை உணராவிட்டாலும் தலைவலி வரக்கூடும். கைப்பேசிப் படக்கருவியை விளக்கின்மேல் பிடிக்கும்போது திரையில் பட்டைகள் ஓடினால் அந்த விளக்கைத் தவிர்த்துவிடுங்கள்.

மறுமொழி 3:
இணையத்தில் வாங்குவதாயிருந்தால் சிங்கப்பூரின் பாதுகாப்பு முத்திரை உள்ளதா என்று பாருங்கள். வீட்டு மின்னிணைப்பில் செருகும் மேசை விளக்குகளுக்கு அது கட்டாயம். பாலஸ்டியர் சாலையில் விளக்குக் கடைகள் பல உள்ளன. திருத்த வேண்டிய தாள் ஒன்றைக் கையோடு எடுத்துச் சென்று, அங்கேயே விளக்கை எரியவிட்டுப் படித்துப் பாருங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. மேசையின் பின்விளிம்பில் மின்கம்பித் தட்டு இருப்பதால் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் வகை விளக்கைப் பொருத்த இயலவில்லை. அடிப்பீடம் உள்ளதை வாங்கலாமா?

மறுமொழி 1:
தாராளமாக வாங்கலாம். அடிப்பீடம் கனமாக இருக்கட்டும். கையை முழுவதும் நீட்டியபோதும் சாயாமல் நிற்கிறதா என்று கடையிலேயே சோதித்துவிடுங்கள்.