சிம்கோ ஏரியில் ஸ்மால்மவுத் பாஸ்: எந்த மாதம், எவ்வளவு ஆழம்?

மார்க்கம் தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். போன வருசம்தான் தூண்டில் போடத் தொடங்கினேன். ஆகஸ்ட் மத்தியானங்களில் ஒன்ராறியோ சிம்கோ ஏரியின் தென்கரையில், ஜாக்சன்ஸ் பாயிண்ட் துறையடியில் மண்புழுவும் மிதப்பும் போட்டால் சின்னச் சின்னப் பேர்ச்தான் வருகிறது. இதே ஏரியில் ஆறு பவுண்டு ஸ்மால்மவுத் பாஸ் என்ற நன்னீர் மீனைப் பிடித்த படங்களைப் பார்க்கிறேன். அது எந்த மாதம்? கரையில் நின்று முடியுமா?

பீவர்ட்டன் அண்ணை:
தம்பி, ஆகஸ்ட் மத்தியானம் கரையடித் தண்ணீர் சூடு. பெரிய ஸ்மால்மவுத் அங்கே நிற்காது, வெளியே பாறைத் திட்டுகளின் சரிவுக்குப் போய்விடும். விடியற்காலையும் பொழுதுபடும் நேரமும் கொஞ்சம் மேலே ஏறும். கரையில்தான் நிற்கப் போகிறீர்கள் என்றால் அந்த நேரம் போங்கள். தெற்கே குக்ஸ் பே பக்கம் பாசி அதிகம், அது இதன் சொந்தக்கார மீனான லார்ஜ்மவுத் பாஸின் இடம்.

மாதத்தை விடத் தண்ணீரின் வெப்பத்தைப் பாருங்கள். வசந்தத்தில் 15 பாகை செல்சியஸைத் தாண்டும்போது ஆண் மீன் ஆழம் குறைந்த சரளையை வாலால் துடைத்துக் கூடு போடும். தெளிந்த தண்ணீரில் சுளகு அகலத்துக்கு வெளிறிய வட்டமாகத் தெரியும். பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், காவல் முழுக்க ஆண்தான். அந்த நேரம் எதைப் போட்டாலும் அது கவ்வும். பசியில் இல்லை, முட்டைக்குப் பக்கத்தில் வந்ததை அப்புறப்படுத்தத்தான். அதைத் தூக்கிப் படம் எடுத்து முடிப்பதற்குள் ரவுண்ட் கோபியும் பேர்ச்சும் முட்டையைத் தின்றுவிடும். பாஸ் பிடிக்க அனுமதியுள்ள சீசன் திறந்த பிறகும் சில ஆண்கள் கூட்டில் நிற்கும். வட்டம் கண்டால் தயவுசெய்து தள்ளிப் போங்கள்.

கோபி எங்கள் ஊர் உளுவைச் சாதி. கருங்கடல், காஸ்பியன் பக்கத்திலிருந்து வந்தது, 2000களில் சிம்கோவில் புகுந்தது. முட்டைக்கு எமன், ஆனால் பெரிய பாஸ் கொழுப்பதும் அதைத் தின்றுதான்.

நீங்கள் பார்த்த படங்கள் பெரும்பாலும் ஒக்டோபர், நவம்பர். தண்ணீர் 10 பாகைக்குக் கீழே இறங்கும்போது மீன் கூட்டமாக 25, 35 அடியில் சேரும். டிராப்ஷாட் போடுங்கள்: ஈயம் அடியில், தூண்டில் ஓரடி மேலே, கோபி நிறத்தில் ஒரு ரப்பர் மீன். வெடுக்கென்று இழுக்காது. தூக்கிப் பார்க்கும்போது தங்கூசி (தூண்டில் நூல்) சும்மா பாரமாக இருக்கும், அவ்வளவுதான்.

அஜாக்ஸ் சுதா:
அண்ணை, கறிக்கு எடுக்கலாமா?

பீவர்ட்டன் அண்ணை:
எடுக்கலாம் பிள்ளை, அந்த வருச விதி அனுமதிக்கும் எண்ணிக்கைக்குள். சின்னதை எடுங்கள், ருசியும் அதில்தான். ஐந்து பவுண்டுக்காரன் பெரும்பாலும் பத்து வயதை ஒட்டியவன், அவனை விட்டுவிடுவது நல்லது. எந்த ஏரியில் எந்த அளவு மீனை மாதம் எத்தனை தரம் சாப்பிடலாம் என்று ஒன்ராறியோ அரசின் வழிகாட்டி இருக்கிறது, அதையும் பாருங்கள். சீசன் தேதியும் மாறும், அந்தந்த வருச விதியைப் படியுங்கள். சீசன் மூடியிருக்கும்போது, திரும்ப விடுகிறேன் என்று சொல்லியும் பிடிக்கக் கூடாது.

இன்னொன்று. 30 அடிக்குக் கீழிருந்து தூக்கினால் காற்றுப்பை ஊதி, மீன் கீழே இறங்க முடியாமல் பக்கவாட்டில் மிதக்கும். விடப் போகும் மீன் என்றால் அவ்வளவு ஆழத்தில் பிடிக்காமல் இருப்பதே நல்லது. பிடிபட்டால் தண்ணீரில் வைத்தே கொக்கியைக் கழற்றி உடனே விடுங்கள். இரக்கத்துக்காக மட்டும் சொல்லவில்லை, அடுத்த வருசமும் மீன் வேண்டுமே.

மார்க்கம் தம்பி:
நன்றி அண்ணை. நண்பனிடம் 14 அடி அலுமினியப் போட் இருக்கிறது. நவம்பரில் பீவர்ட்டனில் இறக்கலாமா?

பீவர்ட்டன் அண்ணை:
மேற்குக் காற்று என்றால் வேண்டாம். ஏரி முழுவதையும் கடந்து வரும் அலை எங்கள் கிழக்குக் கரையில்தான் வந்து அடிக்கும், அந்தப் போட் தாங்காது. காற்று கிழக்கிலிருந்து மெல்ல வீசும் நாளாகப் பாருங்கள். அப்போதும் கரையை விட்டுத் தூரம் போக வேண்டாம், காற்று வெளியே தள்ளும். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டில் வைப்பதில் பிரயோசனமில்லை, உடம்பில் போடுங்கள். அந்தக் குளிரில் விழுந்தால் கொஞ்ச நேரத்தில் கை விறைத்துவிடும், பிறகு அதைப் பூட்ட முடியாது. வரும் கிழமை காற்று எப்படி என்று பார்த்து இங்கே எழுதுங்கள், எந்தத் திட்டுக்குப் போகலாம் என்று சொல்கிறேன்.