பொருள்: 1989 செட்டுப் பெண்கள் எழுதி வைத்த உயில்

அண்ணாச்சிமார், மதினிமார், மெயிலைத் திறக்காமலே அழிக்கும் தம்பிமார் எல்லோருக்கும் வணக்கம்.

பெண்கள் பள்ளியின் பழைய ஓட்டுக் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள், பழைய போட்டோ இருந்தால் அனுப்புங்கள் என்று செயலாளர் அண்ணாச்சி எழுதியிருந்தார். என்னிடம் போட்டோ இல்லை. எங்கள் செட்டுக்கு எடுத்தார்கள், பிரதி பதினைந்து ரூபாய். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் பதினைந்து ரூபாய் கேட்பதற்குப் பதிலாக போட்டோவே வேண்டாம் என்று இருந்துவிடலாம். ஆனால் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவின் ட்ரங்குப் பெட்டியில் அதைவிட நல்லதாக ஒன்று கிடைத்தது. எங்கள் உயில்.

உயில்தான், தப்பாகப் படிக்கவில்லை. ப்ளஸ் டூ பரீட்சைக்கு முன்னால் பிரிவு உபசாரம் வைப்பார்களே, அன்றைக்கு எழுதியது. 3-3-1989, வெள்ளிக்கிழமை. எங்களில் ஒருத்தியின் அப்பா பத்திர எழுத்தர். அவளுக்குப் பட்டப்பெயரே 'பத்திரம்'. முதல் வரியில் மை கொட்டி வீணாய்ப் போன முத்திரைத்தாள் ஒன்றை அப்பாவுக்குத் தெரியாமல் எடுத்து வந்தாள். பிற்பாடு தெரிந்து அடியும் வாங்கினாள். அவள் வாயால் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், என் கையெழுத்து கொஞ்சம் நன்றாக இருக்கும் என்பதால்.

"1989ம் வருடம் மார்ச் மாதம் 3ந் தேதி, நெல்லைக் கட்டபொம்மன் மாவட்டம், தென்காசி தாலுகா, பன்னிரண்டாம் வகுப்பு 'பி' பிரிவில் வாசித்து வரும் இருபத்து மூன்று பேராகிய நாங்கள், பரீட்சைப் பயத்தில் புத்தி சற்றுக் கலங்கியிருந்தாலும் மற்றபடி சுயநினைவோடும், பிறர் தூண்டுதல் இன்றியும் மனப்பூர்வமாய் எழுதி வைத்த உயில் சாசனம் என்னவென்றால்..."

(சின்னப் பிள்ளைகளுக்காக: அப்போது நம் மாவட்டத்துக்கு அதுதான் பெயர். திருநெல்வேலி என்று 1997ல் திரும்ப மாறியது. 2019ல் தென்காசியே தனி மாவட்டம் ஆகிவிட்டது.)

சொத்து விவரம்தான் உயிர். "கரும்பலகைக்குத் தெற்கு, தண்ணீர்ப் பானைக்கு வடக்கு, சன்னலுக்குக் கிழக்கு, கணக்கு டீச்சர் கண்ணுக்கு மேற்கு, இந்த நான்கெல்லைக்குள் பட்ட கடைசி பெஞ்சு ஒன்றும், அதில் காம்பஸால் கீறிய எழுத்துகளும், அடியில் ஒளித்து வைத்த நெல்லிக்காய், மாங்காய், உப்பு மிளகாய்ப்பொடி வகையறாவும், சாரல் காலத்தில் சன்னல் வழியே வரும் காற்றும் தூறலும் சகிதம், பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் புத்திரி பௌத்திரி பாரம்பரியமாய், சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக் கொள்ள வேண்டியது."

பத்திரத்தில் எப்போதும் புத்திர பௌத்திர பாரம்பரியமாய் என்றுதான் வரும். அவள் மாற்றியபோது நான் பேனாவை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். "பொட்டப்பிள்ளைக பள்ளிக்கூடத்துல புத்திரனுக்கு எங்கட்டி போக? எழுது" என்றாள். அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு கொள்கையும் கிடையாது.

பிறகு ஆளாளுக்குத் தனித்தனியாக. ஒருத்தி அரைப்பரீட்சைக் கணக்கில் வாங்கிய பதினொரு மார்க்கைப் பத்தாம் வகுப்புத் தங்கைக்கு எழுதி வைத்தாள், "இதற்கு மேல் வாங்கி நம் குடும்பப் பெயரைக் கெடுக்காதே" என்ற நிபந்தனையோடு. 'ரேடியோ' தன் தொண்டையை இறைவணக்கத்துக்கு விட்டுப்போனாள். பீடி சுற்றும் பிள்ளை ஒருத்தி கத்தரிக்கோலையும் இலை வெட்டும் தகட்டையும் "இனி எனக்குத் தேவைப்படாது, ஆபீசராகப் போகிறேன்" என்று எழுதி, அத்தனை பேர் சிரிப்பிலும் கையெழுத்துப் போட்டாள். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து மடியில் சொளவை (முறத்தை) வைத்து இருநூறு பீடி சுற்றிவிட்டுத்தான் அவள் பள்ளிக்கு வருவாள். இலையை நனைத்து வைத்த ஈர வாசம் அவள் நோட்டிலேயே இருக்கும். பரீட்சைக்குப் பிறகும் கத்தரிக்கோல் அவள் கையில்தான் இருந்தது, ரொம்ப வருசம்.

பள்ளிக்கு நாங்கள் கொடுத்த பரிசையும் சொல்லிவிடுகிறேன். எல்லா செட்டும் சுவர்க்கடிகாரம் கொடுக்கும். ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில் ஐந்து கடிகாரம் ஐந்து நேரம் காட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் ஆளுக்கு நாலு ரூபாய் போட்டு இரண்டு பிளாஸ்டிக் வாளி, இரண்டு மக்கு, ஒரு பூட்டு வாங்கிக் கொடுத்தோம். கக்கூசுக்கு. ஆறு வருசம் அந்த இடத்தை நினைத்தே தண்ணீர் குடிக்காமல் இருந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். மேடையில் வாளியை வாங்க ஹெட்மிஸ்ட்ரஸுக்குக் கூச்சம். ஜரிகைத்தாள் சுற்றித் தந்தோம், ஆனாலும் வாளி வாளியாகத்தானே தெரியும்!

எங்களுக்குள் கொடுத்துக்கொண்டது ஸ்டிக்கர் பொட்டு அட்டை, கண்ணாடி வளையல், இரண்டு பேருக்கு ஹீரோ பேனா. கைக்குட்டை மட்டும் கூடாது, கொடுத்தால் சிநேகம் முறிந்துவிடும். தெரியாமல் ஒருத்தி கொடுத்துவிட, வாங்கினவள் அஞ்சு பைசாவைக் கையில் திணித்து அதை வியாபாரமாக்கிக் காப்பாற்றினாள்.

தாளின் பின்பக்கம் ஜோசியம். "கி.பி. 2000ல் நாம்" என்று தலைப்பு. இதைத்தான் கொடை முடிந்த இரவு வராந்தாவில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன்.

'ரேடியோ' இலங்கை வானொலியில் அறிவிப்பாளர் ஆவாள், ஊரில் கரகரப்பில் ஒரு வார்த்தையும் கேட்காது என்று எழுதியிருந்தோம். இப்போது அவள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் சூபர்வைசர். மைக் தேவையில்லை என்று கேள்வி. பஸ்ஸில் வம்பு செய்தவனைக் குடையால் அடித்தவள் இன்ஸ்பெக்டர் ஆவாள், ஓடச் சொன்னால் மட்டும் லீவு போடுவாள். 1992ல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் மகளிர் காவல் நிலையம் திறந்தார்கள் என்று பேப்பரில் வந்ததும் அவள் நிஜமாகவே மனுப்போட்டாள். உயரம் ஒரு விரல்கடை குறைந்தது. இன்றைக்கு அரிசி மில் நடத்துகிறாள். குடை அலுவலக அறையில் மாட்டியிருக்கிறது.

எனக்கு எழுதியது: தபால்காரர் மகள் அல்லவா, "வீட்டுக்காரர் துபாயிலிருந்து அனுப்பும் மணியார்டருக்கு மாதம் முழுதும் வாசற்படியில் காத்திருப்பாள்." பதினெட்டு வருசமாக மஸ்கட்டிலிருந்து அனுப்புகிறவள் நான். வாசற்படியில் யாரும் காத்திருப்பதில்லை, அவர் போனில் டிங் என்று ஒரு சத்தம் வருகிறது.

ஒன்று மட்டும் உறுத்தியது. எண்ணிப் பார்த்தேன். இருபத்து மூன்று ஜோசியத்தில் பதினான்கில் 'அவள் வீட்டுக்காரர்' வருகிறார். டாக்டர் வீட்டம்மா, மிலிட்டரிக்காரர் வீட்டம்மா, கலெக்டர் வீட்டம்மாகூட உண்டு. கலெக்டர் ஒருத்திகூட இல்லை. கேலிதானே, காசா பணமா, அப்போதும் கை அந்த அளவுக்குத்தான் நீண்டிருக்கிறது.

சரி, சொல்ல வந்த விசயத்துக்கு வருகிறேன். எங்கள் வகுப்பில் ஒருத்திக்குத் தை மாதமே கல்யாணம் முடிந்துவிட்டது. வயதுக் கணக்கை எல்லாம் அப்போது யார் பார்த்தார்கள்? மஞ்சள் கயிற்றைத் தாவணிக்குள் மறைத்துக்கொண்டு பரீட்சை எழுத வந்தாள். அன்றிலிருந்து எங்களுக்கு அவள் 'மதினி'. உயிலில் அவளுக்கென்று ஒரு ஷரத்து உண்டு. 'பத்திரம்' மூச்சு விடாமல் சொன்னாள்: "மேற்படி மதினிக்கு ஏற்கனவே சீர்வரிசை செய்து அனுப்பிவிட்டபடியால் இந்தச் சொத்தில் அவருக்கு யாதொரு பாத்தியமும் கிடையாது." அப்பாவின் பத்திரங்களில் கேட்டுக் கேட்டுப் பழகிய வாக்கியம். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மதினியும்தான்.

அதற்கு இருபத்திரண்டாம் நாள், 25-3-1989. தமிழ்நாட்டில் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பூர்வீகச் சொத்தில் மகனுக்கு உள்ள பங்கு மகளுக்கும் உண்டு என்றார்களே, அது செல்லுபடியாகும் தேதி. சட்டம் நிறைவேறியது பிறகுதான், அந்த நாளிலிருந்தே செல்லும் என்று முன்தேதியிட்டார்கள். ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமான மகளுக்கு அது கிடையாது. எங்களில் இருபத்திரண்டு பேர் உள்ளே, மதினி வெளியே. 1996ல் அவள் வீட்டில் பாகப்பிரிவினை செய்து பதிவும் முடித்துவிட்டார்கள். 2005ல் மத்திய அரசு கல்யாணமானவர்களுக்கும் சேர்த்துச் சம பங்கு என்று சட்டம் கொண்டுவந்தபோது, 20-12-2004க்கு முன் பதிவான பாகப்பிரிவினையைத் தொடமாட்டோம் என்று அதிலும் எழுதியிருந்தது.

அவள் அண்ணன்மாரும் இந்தக் குழுவில் இருக்கிறார்கள் என்று தெரியும். சண்டைக்காக எழுதவில்லை, அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். உள்ளே இருந்த இருபத்திரண்டு பேரில் எத்தனை பேர் பங்கு கேட்டு வாங்கினோம் என்பது வேறு கதை. நான் என் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவள்.

மதினி இப்போது மும்பை தாராவியில். இட்லி வியாபாரம். காலை நாலு மணிக்கு அடுப்பு. போனில் அந்த ஷரத்தைப் படித்துக் காட்டினேன். சிரித்தாள், அதே சிரிப்பு, நடுவில் இருமலும் சேர்ந்துகொண்டது. அப்புறம் சொன்னாள், "ஏட்டி, நிலம் போனாப் போகுது. அந்த பெஞ்சயாவது என் பேருக்கு மாத்தி எழுதுங்க."

பத்துக்குப் பதினைந்து அடி வீட்டில் அதை எங்கே போடுவாய் என்றேன்.

"வீட்டுல ஏன் போடுதேன்? கடைக்கு முன்னால கிடக்கட்டும். எத்தனை பேர் நின்னுக்கிட்டே திங்காங்க."

அதனால் செயலாளர் அண்ணாச்சிக்கு ஒரு விண்ணப்பம். கட்டடம் இடிக்கும்போது பழைய மரச்சாமான்களை ஏலம் விடுவார்கள் என்று தம்பி சொன்னான். தேதி தெரிந்தால் உடனே எழுதுங்கள். பணம் நாங்கள் சேர்த்துவிட்டோம், லாரிச் செலவை மில்காரி பார்த்துக்கொள்கிறாள், 'பத்திரம்' திருத்தல் சாசனம் எழுதித் தருவதாகச் சொல்லிவிட்டாள். முத்திரைத்தாளை இந்தத் தடவை காசு கொடுத்தே வாங்குகிறாளாம். நேரில் போய்ப் பார்ப்பவர்களுக்கு அடையாளம்: கடைசி பெஞ்சு, இடது கோடி, காம்பஸால் கீறியது. "க.மு." என்று ஒரு பக்கம், "க.பி." என்று ஒரு பக்கம், நடுவில் ஒரு கோடு. கல்யாணத்துக்கு முன், கல்யாணத்துக்குப் பின். வரலாறு வகுப்பு நடக்கும்போது மதினிதான் கீறினாள்.

அன்புடன்,
கீழத்தெரு தபால்காரர் மகள்
மஸ்கட்